தெரிந்த வார்த்தைதான், சாமான் வேறு

டெக்சாஸின் காப்பெலுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாக்களுக்கும் சில குறிப்புகள். தெரியாத இங்கிலீஷ் வார்த்தை என்றால் யாரையாவது கேட்டுவிடுவோம். ஊரிலிருந்தே தெரிந்த வார்த்தைதான் இங்கே காலை வாரும்.

1. சில்லி பவுடர்: அமெரிக்கக் கடை டப்பாவில் பெரும்பாலும் சீரகம், பூண்டுப்பொடி, ஓரிகானோ எல்லாம் கலந்தே இருக்கும். 'சில்லி' என்னும் இறைச்சிக் குழம்புக்கான மசாலா அது. 1977-இல் டெக்சாஸ் அந்தக் குழம்பை மாநில உணவாகவே அறிவித்துவிட்டது! சாம்பாருக்குப் பக்கத்து ஊரான இர்விங்கில் உள்ள இந்தியக் கடை மிளகாய்த்தூளே சரி. அவசரத்துக்கு 'கயென்' வாங்கலாம். காரம் ஏறும், பார்த்துப் போடுங்கள். சைவர்கள் ஓட்டலில் 'சில்லி' என்று கண்டால் கறி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. டிரம்ஸ்டிக்: இங்கே கோழிக்கால். முருங்கைக்காய் இந்தியக் கடை ஃப்ரீசரில் கிடைக்கும். 'லேடி ஃபிங்கர்' முட்டை சேர்த்த பிஸ்கட். வெண்டைக்காய்க்கு 'ஓக்ரா' என்று கேளுங்கள்.

3. கார்ன் ஃப்ளோர்: சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவுக்கு இங்கே 'கார்ன் ஸ்டார்ச்' என்று பெயர். 'கார்ன் ஃப்ளோர்' என்றால் முழுச் சோளத்தை அரைத்த மாவு. லேபிள் கிழிந்த டப்பாவா? இரு விரலுக்கிடையில் வைத்து அழுத்துங்கள். நறநறவென்றால் ஸ்டார்ச்.

4. அவுன்ஸ்: எடையானால் சுமார் 28 கிராம், திரவ அளவானால் சுமார் 30 மில்லி. ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ். அதை நம்பித் தராசில் 8 அவுன்ஸ் மைதா வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு கப் விழும், கேக் கல்லாகிவிடும்.

5. பிராய்லர்: கோழியல்ல, மேலிருந்து தணலடிக்கும் ஓவன் சூடு. சில கேஸ் அடுப்புகளில் அடியிலிருக்கும் இழுப்பறையே பிராய்லர்தான். பிளாஸ்டிக் டப்பாவை அங்கே ஒதுக்கிவைக்காதீர்கள்.

6. வாட்ச்: வசந்தகாலத்தில் போன் அலறும். 'டொர்னேடோ வாட்ச்' என்றால் சூறாவளி உருவாகத் தோதான வானிலை. டார்ச், செருப்பு, மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. ஆகவே கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத குளியலறையோ துணி அறையோதான் கதி. பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்த அறையை இன்றே காட்டிவையுங்கள். உள்ளே அடுக்கிய சூட்கேஸ்களையும் எடுத்துவிடுங்கள்.