ஊருக்கும் காலனிக்கும் நடுவே

அன்புள்ள தங்கைக்கு,

நம் ஜில்லாவின் கிராமங்களில் ஊர் ஒரு திசையிலும் ஆதிதிராவிடர் வாழும் காலனி மற்றொரு திசையிலுமாகப் பிரிந்து கிடப்பது ஏன் என்றும், அதனை மாற்ற உன் போன்ற கல்லூரி மாணவியரால் ஆவது ஏதும் உண்டா என்றும் கேட்டிருந்தாய். பழைய வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். அது பாதி விடையே. வழக்கம் வகுத்த எல்லையைச் சர்க்காரின் கையும் சேர்ந்து உறுதிப்படுத்திற்று.

வெள்ளையர் காலத்து வருவாய்ப் பதிவேடுகள் குடியிருப்பு நிலத்தைக் கிராம நத்தம், சேரி நத்தம் என்று பிரித்தெழுதின. நிலக்காரரின் மண்ணில் குடிசை போட்டு, அவர் சினந்தால் மூட்டை கட்ட வேண்டியிருந்த ஏழைகளுக்குச் சொந்த மனை வேண்டுமென்று 1890-களின் தொடக்கத்தில் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் வாதாடினார். பின்னர்ச் சென்னை மாகாணத் தொழிலாளர் இலாகா மனை வழங்கிற்று. மனைக்கான நிலத்தை விரைந்து கையகப்படுத்த 1978-இல் தனிச் சட்டமும் பிறந்தது. எண்ணற்ற குடும்பங்களை வெளியேற்ற அச்சத்திலிருந்து விடுவித்த இந்தக் காருண்யத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எனினும், கொடுத்த மனை பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியோ ஊருக்கு அப்பாலோ அமைந்துவிட்டமையால், கையில் பட்டா வந்த அதே நாளில் பிரிவினையும் சர்க்கார் வரைபடத்தில் ஏறிவிட்டது.

அதன் விளைவை நம் தர்மபுரி மாவட்டம் 2012 நவம்பர் 7 அன்று கண்டது. நாயக்கன்கொட்டாய்க்கு அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டித் தாக்கப்பட்டன. வெறுப்பே அதன் வேர். ஆயினும், தனித்து நின்ற குடியிருப்பு அவ்வெறுப்புக்கு இலக்கைத் தேடும் சிரமத்தைக்கூட வைக்கவில்லை.

சர்க்காரே மாற்றுவழியையும் காட்டியிருக்கிறது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தைத் தொடர்ந்து எழுந்தவற்றில், நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் என ஒரே தெருக்களில் ஒதுக்கப்பட்டன. ஆனால் புதிய ஊர்களை எழுப்புவதால் பழைய ஊர்களின் எல்லை அழியாது. அங்கேதான் உள்ளூர் மக்களின் பணி தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கறுப்பினத்தார் குடியேறக் கூடாதென்று எழுதப்பட்ட பழைய பத்திரங்களைத் தன்னார்வத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகப் படித்து வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

நீயும் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து உன் கிராம வரைபடத்தைப் பெற்று, ரேஷன் கடை, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தம், மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுப் பாதை ஆகியவை எல்லைக்கு எந்தப் புறத்தில் உள்ளன என்று குறித்துக்கொள். அடுத்து வரவிருக்கும் அங்கன்வாடியை இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் நடந்துவரக்கூடிய நடுவிடத்தில் கட்டும்படி கேட்பது சிறிய கோரிக்கை போலத் தோன்றும். நான் அதையே முதலாவதாக வைப்பேன், ஏனெனில் மூன்று வயதில் ஒரே பாயில் உட்கார்ந்து உண்ட பிள்ளைகளைப் பிரிப்பது பெரியவர்களுக்கு எளிதன்று.

ஆனால் எதையும் கேட்பதற்கு முன் காலனிப் பெண்களிடம் போய் அமர்ந்து பேசு. அத்தகைய தாக்குதலைக் கண்ட குடும்பங்கள், உறவினர் சூழ வாழ்வதே பாதுகாப்பு என்று சொல்லக்கூடும். அவர்களைக் கலந்து வாழச் சொல்லி வற்புறுத்தும் உரிமை நமக்கில்லை. அவர்கள் விரும்புவதை அவர்கள் வாயாலேயே அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் சொல்லச் செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும் வரை இடத்தைவிட்டு எழாதே.

அன்புடன்,
உன் அண்ணன்