ஐம்பதில் ஒரு பங்கு லாரி



இன்ஜினியரிங் டிராயிங் தாளில் 1:50 என்று எழுதி அடிக்கோடு போடாதவர் நம்மில் யாரும் இல்லை. அந்த 1:50-க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது வகுப்பறையில் அல்ல, பரளச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். வண்டி, விமானம் இவற்றை மாடலாகச் செய்து பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. அதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் எல்லோரும் நுங்கு வண்டி தள்ளியிருப்போம். அது வண்டி "மாதிரி". மாடல் என்றால் வேறு. எல்லாப் பாகமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். தஞ்சாவூரில் நெட்டியைச் சீவிப் பெரிய கோயில் செய்கிறார்களே, அதைப் பார்த்ததும் கோயில் தெரிவதற்குக் காரணம் இந்த விகிதம்தான்.

என் மாமா கரிமூட்டை ஏற்றும் லாரி ஓட்டினார். அந்த லாரியைக் கண்ணளவில் பார்த்து அட்டையில் ஒன்று செய்து பெருமையாகக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா டயரு சைக்கிள் டயராட்டம் இருக்கே, லோடு எப்படித் தாங்கும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி.

1. ஸ்கேலை முடிவு செய்வது

விமான மாடல்களில் 1:72 மிகப் பழைய ஸ்கேல். கணக்கு சுலபம், ஆறடிக்கு ஓர் அங்குலம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டிய நாட் விமானத்தின் நீளம் சுமார் 8.7 மீட்டர், இறக்கை அகலம் 6.7 மீட்டர். 1:72-ல் நீளம் 12.1 செ.மீ., இறக்கை 9.3 செ.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும். நம் விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் இவ்வளவு சிறிய விமானத்திலா பறந்தார் என்ற வியப்பு, மாடலைக் கையில் எடுத்தால்தான் வரும்.

ராணுவ வண்டிகளுக்கு 1:35 பிரபலம். ஜப்பானின் டாமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஒரு டாங்க் மாடல் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்ததில் வந்த அளவு அது என்பார்கள்.

நானும் அதே வழியில்தான் போனேன். ஆட்டுக்கு ஊசி போடும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி சுமார் 2 செ.மீ. விட்டம். லாரி டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக 1:50! மூடிகளை வெந்நீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

2. அட்டை வேலை

முதலில் டேப். பிறகுதான் கத்தரி. சக்கரத்துக்குச் சக்கரம் 4.2 மீட்டர் என்றால் மாடலில் 8.4 செ.மீ. அகலம் 2.4 மீட்டர் என்றால் 4.8 செ.மீ. முன், பக்க, மேல் தோற்றங்களை வரைந்து, அதிலிருந்தே வெட்டுங்கள். சிவகாசிக் காலண்டர் அட்டை இதற்குத் தங்கம். வளைவான மூக்குக்கு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்த பின் உப்புத்தாளால் தேயுங்கள். ஒட்டிய அட்டை மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசினால், பெயின்டை உறிஞ்சாது.

3. பெயின்ட்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஆடிக்காற்றில், மத்தியானம், திண்ணையில் உட்கார்ந்து எனாமல் அடித்தேன். கரிசல் புழுதி முழுக்க ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வார வேலை சொரசொரவென்று ஆகிப்போச்சு. அதனால் விடியற்காலையில், காற்று எழும்பும் முன் அடியுங்கள். அடித்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிட, டர்பன்டைன் கலந்து மெல்லியதாக மூன்று முறை அடிப்பது நல்லது. ஒவ்வொன்றும் முழுக்கக் காய வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. அசல் நிறத்தில் ஒரு துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். சிறிய பொருளில் அதே நிறம் அதிகக் கருமையாகத் தெரியும். டர்பன்டைன் பக்கத்தில் விளக்கு, அடுப்பு கூடவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

4. அழுக்கு

பளபளவென்று விட்டால் அது பொம்மை. ஆனால் அழுக்கைக் கண்ட இடத்தில் பூசக்கூடாது. எதனால் வந்தது என்று கேட்க வேண்டும். புழுதி சக்கரம் வாரி அடிக்கும் இடத்தில். துரு பெயின்ட் உரிந்த விளிம்பில். கரித்தூள் மூட்டை உரசும் பின்கதவில். அழுக்குக்கும் காரண காரியம் உண்டு.

கடைசியாக ஒன்று

அந்த லாரி காயலான் கடைக்குப் போவதற்கு முந்தின நாள்தான் நான் அளவெடுத்தேன். டேப்பின் ஒரு முனையை மாமா பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மாடல் முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "இடது மட்கார்டுல நசுங்கல் இருக்குமே, அத எங்க காணோம்?" என்றார்.

குறை என்று நினைத்து நான்தான் அதை விட்டுவிட்டேன். அவருக்கோ அதுதான் லாரியின் அடையாளம். அன்றிரவே ஸ்பூன் காம்பால் அழுத்தி அந்த நசுங்கலை வைத்தேன். இப்போது அது மாமா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கட்டை வண்டியோ, பழைய டிராக்டரோ கடைசி நாளை எண்ணிக்கொண்டு நிற்கும. கிட் வாங்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையை நிதானமாக வெட்டிக்கொள்ளலாம். வண்டி போய்விட்டால் அளவு கிடைக்காது.