200 டொலர் இராப்போசனம்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் அமைக்கக் காசு சேர்க்க வேண்டும். "பெரிய ஹோல் எடுத்து வடிவாச் செய்வம்" என்றார் எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர். பொருளாளர் அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, முதல் மற்ற ஆக்கள் செய்யிறதைப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றார். அப்படித்தான் மார்க்கம் நகரில் நடந்த ஒரு நிதிசேர் இராப்போசனத்துக்கு, கோட் பையில் சின்னக் கொப்பியோடு போனேன். ரிக்கெற் 200 டொலர்.

அழைப்பிதழில் மாலை ஆறு மணி. விளக்கேற்றி, கனடா கீதம் பாடி, அகவணக்கம் செலுத்தி முடிய ஏழரை. பிறகு அனுசரணையாளர்களின் உரைகள், நடனம், மறுபடி உரைகள். நன்கொடை கேட்க மேடையேறியபோது பத்தே கால். எங்கள் மேசையில் பத்துக் கதிரைகள். மிஞ்சியிருந்தவர்கள் நான்கு பேர். பிள்ளைகளோடு வந்தவர்களும் வயதானவர்களும் சாப்பிட்ட கையோடு புறப்பட்டுவிட்டார்கள். கொடுக்கும் மனம் இல்லாமல் போனவர்கள் அல்லர் அவர்கள். கேட்கும்போது அங்கே இல்லை, அவ்வளவுதான். சூப் வந்து, பிரதான உணவு வருமுன் கேட்டுவிட வேண்டும் என்று கொப்பியில் முதலாவதாக எழுதினேன்.

மௌன ஏலப் பொருட்களை மண்டபத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். பட்டுச் சேலை, நயாகராவில் ஓர் இரவுத் தங்கல், கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை. எதிலும் சந்தை மதிப்பு எழுதவில்லை. கனடாவில் இது முக்கியம். பொருளின் மதிப்பு, கேட்ட விலையின் 80 வீதத்தைத் தாண்டினால் பொதுவாக வரிப் பற்றுச்சீட்டு கிடைக்காது. 300 டொலர் சேலையை 375க்கு எடுத்தால் 75க்குப் பற்றுச்சீட்டு உண்டு. 350க்கு எடுத்தால் இல்லை. மதிப்புத் தெரிந்தால் இன்னும் 25 டொலர் கூட்டி எழுதச் சிலராவது முன்வந்திருப்பார்கள்.

அன்றிரவு என்னை மிகவும் வருத்தியது காணொளி. பத்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, தகப்பன் செத்த கதையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கமெரா முகத்தை விட்டு விலகவே இல்லை. பெயரும் ஊரும் திரையில் ஓடின. இருந்த கொஞ்சப் பேரும் கை உயர்த்தினார்கள், காசும் சேர்ந்தது. எனக்குச் சாப்பிட்ட சோறு செமிக்கவில்லை. அந்தப் பிள்ளை நாளை பல்கலைக்கழகம் போவாள், கலியாணம் கட்டுவாள். முன்னூறு பேர் விருந்துண்ணும் மண்டபத்தில் தன் அழுகை ஓடியதை அவள் அறிந்தால் என்ன நினைப்பாள்? அதே மேடையில், வன்னியிலிருந்து வந்த தாதி ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார். என்ன கருவி இல்லை, அது இல்லாததால் நோயாளியை எவ்வளவு தூரம் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அது போதும். அதற்குத்தான் நானும் காசு எழுதினேன்.

வெளியேறும்போது ஏற்பாட்டாளர் ஒருவரிடம், என் 200இல் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "ஹோலுக்கும் சாப்பாட்டுக்குமே முக்கால்வாசி போயிடும் அண்ணை. மிச்சம் பிடிக்கிறது ஸ்பொன்சரிலயும் நன்கொடையிலயும்தான்." அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் பிறகு வந்த பற்றுச்சீட்டில் முழு 200 டொலரும் இருந்தது. அது பிழை. சாப்பாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் உரிய சந்தை மதிப்பைக் கழித்த மிச்சத்துக்குத்தான் எழுத வேண்டும். உணவகம் இலவசமாகச் சமைத்துத் தந்திருந்தாலும் அப்படித்தான். தொலைபேசியில் சொன்னேன், திருத்தி அனுப்பினார்கள்.

போகுமுன்னமே செய்திருக்க வேண்டிய ஒன்றைப் பிறகுதான் செய்தேன்: விருந்து நடத்திய நிறுவனத்தின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். பதிவுபெற்ற ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் ரீ3010 படிவத்தை கனடா வருமான முகவரகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நிதி திரட்டும் செலவு, திரட்டிய வருமானத்தில் 35 வீதத்துக்குள் இருந்தால் முகவரகம் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. 70ஐத் தாண்டினால் கேட்கும். ரிக்கெற் வாங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

சங்கக் கூட்டத்தில் கொப்பியை அப்படியே வாசித்தேன். பெரிய ஹோல் யோசனையைத் தலைவர் தானாகவே கைவிட்டார். ஸ்காபரோவில் கோயில் மண்டபம், சைவச் சாப்பாடு, ஏழே முக்காலுக்கு நன்கொடை கேட்பது என்று முடிவாயிற்று. இரசாயனவியல் ஆசிரியர் வெறுமையான ஆய்வுகூட அறையில் நின்று பேசி ஒரு காணொளி அனுப்புவார். எங்கள் சங்கம் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் அல்ல. ஆகவே வரிப் பற்றுச்சீட்டு தரமுடியாது என்பதை அழைப்பிதழின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டார் பொருளாளர் அக்கா.