கொடியில் இல்லாத டேவிட்

கருவேப்பிலங்குறிச்சி

அன்புள்ள தம்பி,

வேலூர்ப் புரட்சி பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறாய். ஆனால் ஒரே பக்கத்தில் இங்கிலாந்து, பிரிட்டன், ஐக்கிய இராச்சியம் மூன்றும் மாறி மாறி வருகின்றன. கேட்டால், "எல்லாம் ஒன்றுதானே ஐயா" என்கிறாய். ஒன்றல்ல. நாளிதழ்களும் இதே அலட்சியத்தைத்தான் செய்கின்றன. எனக்குப் பொறுமை போய்விட்டது.

வரைபடத்தை விடு, நம் மாவட்டத்தையே பார். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடப்பது புனித டேவிட் கோட்டை. 1690-இல் செஞ்சி மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரையிலான ஊர்களும் அந்த விலையில் அடக்கம். அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அவருடைய பூர்வீகம் வேல்ஸ். அடக்கமானதும் அங்கே ரெக்ஸ்ஹாமில்தான். டேவிட், வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். சென்னைக் கோட்டைக்கு இங்கிலாந்தின் புனிதர் ஜார்ஜ் பெயர் இருக்க, கடலூர்க் கோட்டைக்கு டேவிட் பெயர் வந்ததற்கு யேலின் பூர்வீகமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது ஐக்கிய இராச்சியத்தின் கொடியை உற்றுப் பார். நடுவில் நிற்கும் சிவப்புச் சிலுவை ஜார்ஜுடையது. குறுக்காகப் போகும் வெள்ளை, ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூவுடையது. அதன்மேல் குறுக்குச் சிவப்பு, அயர்லாந்தின் பேட்ரிக்குடையது. டேவிடுக்கு இடமே இல்லை! 16-ஆம் நூற்றாண்டிலேயே வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டப்படி இணைத்துவிட்டார்கள். அதனால் தனி அடையாளம் தரவில்லை. கொடியில் கிடைக்காத இடம் அவருக்குக் கடலூர்க் கடற்கரையில் கிடைத்தது. ஆண்ட்ரூவைப் பார்க்க வேண்டுமா? எழும்பூருக்குப் போ. 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் திறந்த தேவாலயம் அவர் பெயரில் நிற்கிறது.

ஆகவே ஆண்டைப் பார்த்துப் பெயர் எழுது. 1690-இல் கோட்டை வாங்கியவர்களை ஆங்கிலேயர் என்றால் சரி. 1707-இல் ஸ்காட்லாந்து இணைந்த பிறகு நாடு பிரிட்டன். 1801-இல் அயர்லாந்தும் இணைந்தபின் ஐக்கிய இராச்சியம். 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்தது. வடக்கு மட்டும் தங்கியது.

தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரையும் 'ஆங்கிலேய கவர்னர்' என்று எழுதியிருக்கிறாய், அடித்துத் திருத்து. கால்டுவெல்லை 'இங்கிலாந்துப் பாதிரியார்' என்று அச்சிட்ட நூலொன்று என்னிடம் இருக்கிறது. அவர் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் செய்தவருக்கு நாம் ஊர் மாற்றி எழுதலாமா?

வேலூர் 1806. அங்கே நடந்தது கம்பெனி ஆட்சி. 'பிரிட்டிஷ் கம்பெனி' என்றே எழுது. திருத்திய படியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவா.

அன்புடன்,
உன் ஐயா