ராமாயிக்கு ஒரு வரி

கயல் கண்ணு,

நீ அனுப்பிய நாலு அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அத்தையாக, இரண்டாம் தடவை கையில் சிவப்புப் பேனாவோடு. முப்பது வருசம் நோட்டுத் திருத்திய கை, சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா? பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்காகக் கொடிகாத்த குமரன் மனைவி ராமாயியின் கதையை எழுதலாம் என்று உனக்குத் தோன்றியதே பெரிய விசயம். உன் அப்பனைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன். இனி குறைகளுக்கு வருகிறேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் 1932 ஜனவரி 10 ஊர்வலம். தடியடியில் குமரன் சாய்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமாயி ஓடி வருகிறாள், கொடியைத் தாங்கிப் பிடிக்கிறாள், 'வந்தே மாதரம்' என்று முழங்குகிறாள். படிக்கும்போது எனக்கே மேல் சிலிர்த்தது. பயமும் அதனால்தான். இதைப் படிக்கிற ஏழாம் வகுப்புப் பெண் அப்படியே நம்புவாள், பேச்சுப் போட்டியில் கைதட்டலும் வாங்குவாள். நாலு வருசம் கழித்து அது நீ கட்டியது என்று தெரியவந்தால், ராமாயி என்று ஒருத்தி இருந்ததையும் சேர்த்தே சந்தேகப்படுவாள். இன்னொன்றும் இருக்கிறது. குமரன் செய்ததையே அவளையும் செய்ய வைத்திருக்கிறாய். ஆண் பிடித்த கொடியைப் பிடித்தால்தான் பெண்ணுக்குக் கதையில் இடமா? அவள் செய்த வேலை எங்கே போயிற்று?

குமரனுக்கு நம் திருப்பூரில் ரோடு இருக்கிறது, சிலை இருக்கிறது, நினைவகம் இருக்கிறது. 2004-ல் தபால்தலையும் வந்தது. ராமாயிக்குக் கிடைத்தது ஒரு வரி: 1923-ல் கல்யாணம், அவருக்கு 19, அவளுக்கு 14. கழித்துப் பார், கணவர் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்றுதான். உன் வயது.

அந்த ஒரு வரிக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது பார். அடிபட்டது 10-ஆம் தேதி, உயிர் போனது ஆஸ்பத்திரியில் 11-ஆம் தேதி. நடுவே ஒரு ராத்திரி இருக்கிறது. எல்லாப் புத்தகமும் அதை ஒரு கமாவில் தாண்டிப் போகிறது. உன் மூன்றாம் அத்தியாயம் அந்த ராத்திரிதான். யார் வந்து சொன்னார்கள், அடுப்பில் என்ன இருந்தது, மாமியார் கருப்பாயி வாய்விட்டு அழுதாளா, வாயடைத்து உட்கார்ந்தாளா? இதெல்லாம் உன் கற்பனைக்கு உரிய இடம், தாராளமாக எழுது. மார்கழிக் கடைசி என்பதை மட்டும் மறக்காதே. இன்னும் மூன்று நாலு நாளில் பொங்கல். வீட்டு வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வைத்துக் காப்புக் கட்டுகிற நாள் வருகிறது. ஊரே பூ பறித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் ஒரு பெண்ணின் தலையிலிருந்து பூ இறங்குகிறது. இதற்குமேல் எந்த முழக்கம் வேண்டும் உனக்கு?

சென்னிமலை நெசவுக் குடும்பம் என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டாய். தறியில் உட்கார்ந்தவரைத்தான் நெசவாளி என்பார்கள். தார் சுற்றிக் கொடுத்த பெண்ணை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவள் கை நின்றால் நாடா ஓடாது. சென்னிமலைக்கு ஒரு நடை போய், ஒரு வயசான அம்மா தார் சுற்றுவதை அரை நாள் உட்கார்ந்து பார். இழை அறுந்தால் எந்த விரலால் முடிச்சுப் போடுகிறாள் என்று கவனி. அப்புறம் ராமாயிக்குக் கை தானாக முளைக்கும்.

ராஜம் கிருஷ்ணன் அப்படித்தான் செய்தார். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் கூலிகளைத் திரட்டிய மணலூர் மணியம்மையைப் பற்றி 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். மணியம்மை இறந்தது 1953-ல். நாவல் வந்தது 1991-ல். அத்தனை வருசத்துக்கு அப்புறமும் தேடிப்போய்க் கேட்டுத்தான் எழுதினார். மணியம்மை எப்படி இறந்தார் தெரியுமா? மான் முட்டி. வேட்டி கட்டி, முடியைக் கத்தரித்து, மிராசுதார்களை எதிர்த்து நின்றவருக்கு அப்படி ஒரு சாவு. நீயாக எழுதியிருந்தால் நானே சிவப்புப் பேனாவால் அடித்திருப்பேன்.

ராமாயியை ரொம்ப நல்லவளாகவும் ஆக்கிவிடாதே. நம் மாவட்டத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' எழுதினார். புருசனை இழந்தவள், நிலத்தில் பங்கு கேட்கிறவள், சண்டைக்காரி. இன்றைக்கும் உயிரோடு நிற்கிறாள். நாடு போற்றும் சாவு என்றாலும், வீட்டில் இருக்கிறவளுக்குக் கோபம் வராதா? 'என்னை நினைச்சுப் பாத்தீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்க விடு. பிள்ளைகள் தாங்குவார்கள். அவர்களுக்கு ராஜா ராணி, குதிரை, கத்தி இருந்தால்தான் சரித்திரம் என்பதெல்லாம் பெரியவர்கள் சொல்கிற சாக்கு. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்ததே.

புத்தகக் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கு. 'இது நடந்தது, இது நான் சேர்த்தது' என்று பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. சில பேர் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

பத்மாவதி ஆஷரை நாலாவது அத்தியாயத்தில் எட்டிப் பார்க்க வைத்திருக்கிறாய், வேண்டாம். குஜராத்திக் குடும்பம், மில் வசதி, சுதந்திரப் போராட்டத்தில் கணவரோடு தானும் சிறைக்குப் போனவர். அவருக்குத் தனிப் புத்தகம் வேண்டும். அந்த இடத்தில் நூல் நூற்ற பெண்களைக் கொண்டு வா. கதர் வேலையை நடத்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை நம் ஊரில்தான் இருந்தது. சுற்றுக் கிராமங்களில் ராட்டை சுற்றி, நூலைச் சிட்டம் சிட்டமாகக் கொண்டுவந்து போட்டுக் காசு வாங்கிப் போனார்கள். அந்தக் கூலி போதாது என்று காந்தியே சங்கத்தோடு மல்லுக்கு நின்றது 1935-ல். குமரன் பிடித்த கொடி கதர்க் கொடி. அதன் இழையை எந்தக் கிராமத்துக்காரி நூற்றாளோ.

கடைசியாக ஒன்று. உன் அப்பத்தா பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங்குக்கு வந்தவள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட் கூட்டமும் பேச்சுவார்த்தையுமாகத்தான் பேசுகிறார்கள். அந்த 127 நாளும் நம் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். தாலிக்குண்டு இரண்டும் அடகுக்குப் போய், அந்த இடத்தில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக்கொண்டாள். நேற்று இதைச் சொல்லி, பேத்தி எழுதப்போகிறாள் என்றேன். 'அதையெல்லாமா எழுதுவாங்க' என்று சிரித்துவிட்டு வெத்திலைப் பொட்டியைத் திறந்துகொண்டாள்.

பொங்கலுக்கு வரும்போது நாலு நாள் சேர்த்து லீவு போடு. அவளிடம் ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கேட்காதே, தெரியாது என்பாள். தூக்குப்போசியில் என்ன கொண்டு போனாள் என்று கேள்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ராமாயி இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தை வைத்திருந்தாய் கண்ணு, 1932-ல். அதை மட்டும் நானே மண்குடமாக மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அத்தை
திருப்பூர்