‘ஏற்காடு’ என்று மட்டும் எழுதாதீர்கள்

சேர்வராயன் மலை ஆர்க்கிட்களைப் பற்றி ஆய்வு தொடங்கியபோது, எனக்கு முன்பு இதே மலையில் வேலை பார்த்த ஒரு குழுவின் எக்செல் கோப்பு கிடைத்தது. தாவரப் பெயர்களில் குறையில்லை. ‘இடம்’ என்ற பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ‘ஏற்காடு’. வரைபடத்தில் ஏற்றியதும் மென்பொருள் ஊரின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டது. அத்தனை ஆர்க்கிட்களும் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் வந்து குவிந்தன. நாகலூர்ச் செடி எது, வெள்ளக்கடைக் காப்பித் தோட்டத்துச் செடி எது, பிரிக்க வழியே இல்லை.

உயரப் பத்தி அதைவிட மோசம். எண் இருக்கும், அடியா மீட்டரா என்று இருக்காது. 4500 என்றால் அடி என்று ஊகிக்கலாம்; இந்த மலையின் உச்சியே 1,600 மீட்டர் சொச்சம்தான். 1200 என்றால்? மீட்டராக இருந்தால் காப்பித் தோட்டங்கள் உள்ள குளிர்ந்த சரிவு. அடியாக இருந்தால் சேலம் பக்கத்து அடிவாரப் புதர்க்காடு. ஒரே மலைப்பாதையில் இரண்டையும் கடந்துதான் மேலே வருகிறோம். அந்தக் குழுவிடம் கேட்டதற்கு, “பேர் இருக்குல்ல, அது போதும்” என்றார்கள். போதாது. களத்தில் அரை நிமிடத்தில் எழுதியிருக்க வேண்டியதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க நான் மறுபடி மலையில் அலைந்தேன்.

கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ உலர்செடி ஒட்டிய பழைய தாள்களைப் பாருங்கள். சேகரித்தவர், சேகரிப்பு எண், தேதி, இடம் எல்லாம் ஒட்டிய சீட்டில் இருக்கும். மெட்டாடேட்டா என்று இப்போது சொல்வது அந்தச் சீட்டைத்தான். பழைய சீட்டுகளில் ‘ஷெவராய்ஸ்’ என்றிருக்கும், பிற்காலத்தவற்றில் ‘சேர்வராயன்’. ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. அதனால் சீட்டில் உள்ளதை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒரு பத்தியில் வையுங்கள். இன்றைய ஊர்ப்பெயரை அடுத்த பத்தியில் எழுதுங்கள். ‘திருத்துகிறேன்’ என்று மூலத்தின் மேலேயே கைவைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

பத்திகளுக்குப் புதுப் பெயர் யோசிக்க வேண்டாம். 2009 முதல் பல்லுயிர்த் தரவுக்கு டார்வின் கோர் என்ற தரநிலை இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு கைப்பேசி காட்டும் பிழை அளவையும் மீட்டரில் குறியுங்கள். தேதி 2019-04-03 என்ற வரிசையில் இருக்கட்டும். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும். உரிமம் எழுதுங்கள், ஜெனோடோ போன்ற தரவுக் களஞ்சியத்தில் போட்டு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் வாங்குங்கள். இதெல்லாம் ஒரு மதிய வேலை.

இடத்தைச் சொன்னால் ஆர்க்கிட்டைப் பிடுங்கிப் போய்விடுவார்கள், அதனால்தான் ‘ஏற்காடு’ என்று நிறுத்தினோம் என்றும் பிறகு எனக்கு ஒரு விளக்கம் வந்தது. பிடுங்குகிறார்கள் என்பது உண்மை. அதற்காக மூலக் கோப்பிலேயே எழுதாமல் விடுவதா? நான் பொதுக் கோப்பில் அரிய இனங்களின் ஆயத்தொலைவை 0.1 பாகைக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்கு மழுக்கியிருக்கிறேன். மழுக்கியது என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறேன். துல்லியமான புள்ளிகள் தனிக் கோப்பில் பத்திரமாக உள்ளன. வேண்டுபவர்கள் என்ன ஆய்வு என்று எழுதிக் கேட்டால் தருவேன், அந்தக் குழு கேட்டாலும்.