பாதி வழியில் நின்ற விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. ஆகவே பழைய கேபினெட், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்.எஸ்.டி. இவற்றை மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்துவது பல வீடுகளுக்கும் சிக்கனமான வழியாகும்.

பாகங்களைப் பொருத்தியாகிவிட்டது. விண்டோஸை மறுபடி நிறுவத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. "எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த யோசனைக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். பழைய டிஸ்கில் இருப்பவை மறைந்த பெரியவர்களின் படங்கள், கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள். எஸ்.எஸ்.டி. கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். இவற்றை எங்கே போய் வாங்குவது?

ஓடும் ரயிலில் ஒரு பெட்டியின் பிரேக் பிடித்துக்கொண்டால் முழு வண்டியையும் யாரும் பிரித்துப் போடுவதில்லை. அந்தப் பெட்டியின் பிரேக்கை மட்டும் தனிமைப்படுத்தி வண்டியை நகர்த்துவார்கள். கம்ப்யூட்டருக்கும் இந்த முறையே பொருந்தும். குறையைப் பகுதி பகுதியாகத் தேட வேண்டும்; ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்.

1. முதலில் பழைய டிஸ்கைக் கழற்றுங்கள்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, பழைய டிஸ்கின் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிடுங்கள். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. தவறான டிஸ்கை அழித்துவிடும் அபாயம் இல்லை. மேலும், இரண்டு டிஸ்குகள் இருந்தால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளைச் சில சமயம் பழைய டிஸ்கில் எழுதிவிடும். பிற்பாடு அதை எடுத்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது.

கழற்றிய டிஸ்கை யு.எஸ்.பி.-சாட்டா கேபிள் மூலம் வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, வேண்டியவற்றை நகல் எடுக்கலாம். மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களில் இந்தக் கேபிள் கிடைக்கும். டிஸ்க் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டதாக இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மதர்போர்டை மாற்றுமுன்பே அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு கவனமும் தேவை. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரைகளும் கடிதங்களும் அந்தந்த எழுத்துருவை நம்பியே உள்ளன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் மறவாமல் நகல் எடுங்கள்.

2. குறைந்த பாகங்களுடன் தொடங்குங்கள்

ஒரு ராம், ஒரு புது எஸ்.எஸ்.டி., கீபோர்டு, மௌஸ், மானிட்டர் போதும். பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருந்தால் தனி கார்டையும் எடுத்துவிடலாம். பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்து வையுங்கள். நிறுவும் பென் டிரைவ் 8 ஜி.பி. அளவாவது இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு, நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் தயாரியுங்கள்.

3. எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

தொடக்கத்திலேயே "இதில் விண்டோஸ் 11 இயங்காது" என்றால்: டி.பி.எம். 2.0 அணைந்திருக்கலாம். பயாஸில் இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். அதை இயக்குங்கள்.

டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தால்: எஸ்.எஸ்.டி. சரியாக அழுந்தியிருக்கிறதா, பயாஸில் அதன் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்தும் இங்கே தெரியாவிட்டால் டிரைவர் குறை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல போர்டுகளில் வி.எம்.டி. என்ற அமைப்பு இதற்குக் காரணமாகிறது. அதை அணைக்கலாம், அல்லது அதற்குரிய டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வந்து "லோட் டிரைவர்" மூலம் கொடுக்கலாம்.

சதவீத எண் அசையாமல் நின்றால்: உடனே சுவிட்சை அணைக்காதீர்கள். கேபினெட்டில் உள்ள டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரு மணி நேரமாகியும் மாற்றமில்லை என்றால் வேறு பென் டிரைவ், வேறு யு.எஸ்.பி. துவாரம், பிறகு வேறு ராம் என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். ராமின் மீது சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பக்கூடாது.

ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் முதல் திரையே வந்தால்: பழுது ஏதுமில்லை. கம்ப்யூட்டர் மீண்டும் பென் டிரைவிலிருந்தே கிளம்புகிறது. ரீஸ்டார்ட் ஆகும் சமயம் பென் டிரைவை எடுத்துவிடுங்கள்.

இன்டர்நெட் கேட்டு நின்றால்: புது போர்டின் வைஃபை டிரைவர் விண்டோஸில் இல்லாதிருக்கலாம். ஆண்ட்ராய்டு மொபைலைக் கேபிளால் இணைத்து, அதில் யு.எஸ்.பி. டெதரிங் வசதியை இயக்கினால் பெரும்பாலும் வழி திறக்கும்.

4. ஒவ்வொன்றாகச் சேருங்கள்

விண்டோஸ் முழுமையாக ஏறிய பின், இரண்டாவது ராம், கிராஃபிக்ஸ் கார்டு, கடைசியாகப் பழைய டிஸ்க் என்ற வரிசையில் சேருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். எதைச் சேர்த்ததும் தகராறு வருகிறதோ, அதுவே குற்றவாளி அல்லது அதன் இணைப்பு குற்றவாளி.

லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருடன் சேர்ந்தே வந்த ஓ.இ.எம். லைசென்ஸ் பொதுவாகப் புது மதர்போர்டுக்கு மாறாது. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் மாறும். அதை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்து வைத்திருந்தால் வேலை எளிது. பாகங்களுக்குப் பணம் கொடுக்குமுன் இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் போர்டின் மாடல், செய்த மாற்றம், கண்ட விளைவு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வாருங்கள். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் வேலை பாதியாகக் குறையும். கொண்டுபோகும்போது பழைய டிஸ்க் மட்டும் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.